காவும் காப்பும்

தமிழில் ‘கா’ ஓரெழுத்து ஒருமொழி. வினையாக நின்றால் பாதுகாத்தலைக் குறிக்கும். ‘இரு’ என்னும் துணைவினையைச் சேர்த்தால் ‘காத்திரு’ என்றாகி, பொழுதைப் பொறுத்துக்கொண்டு நிற்பதைக் குறிக்கும். பெயராக நின்றால் சோலை என்பது ஒரு பொருள். இருபுறமும் சுமையைத் தொங்கவிட்டுத் தோளில் ஏற்றும் தண்டு என்பது இன்னொரு பொருள். அந்தத் தண்டோடு உறவுடைய வினை ‘காவு’, அதாவது தோளில் சுமத்தல். காவுதடியே காவடி ஆயிற்று என்பர். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோவிலுக்குக் காவடி எடுப்பவர் அந்தப் பழைய வினையைத்தான் தோளில் ஏற்றிச் செல்கிறார். ஈழத்தில் அது இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. பிள்ளையைக் காவிக்கொண்டு போனேன் என்பார்கள். நம் தோட்டப்புறத்து முனியாண்டி கோவிலில் ‘காவு’ கொடுப்பது வேறு சொல், பலி. ஒலி மட்டும் ஒன்று. அந்த ஒலியொற்றுமை பின்னால் நமக்குத் தேவைப்படும்.

சுமத்தல், காத்திருத்தல், காத்தல். காயம்பட்ட ஒரு போர்வீரனை எடுத்துக்கொண்டால், அவனுக்குச் செய்யக்கூடியது எதுவாயினும் இம்மூன்றில் ஒன்றாகவே இருக்கும். கடந்த இருநூறு ஆண்டு ராணுவ மருத்துவம் முதல் சொல்லின் மேல் தன் நம்பிக்கை முழுவதையும் வைத்தது. வரப்போகும் பெரும்போர்களைப் பற்றிக் கவலைப்படும் ராணுவ மருத்துவர்கள் இப்போது இரண்டாம் சொல்லைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மூன்றாம் சொல்லைப் பற்றிய பேச்சு குறைவு. இம்மூன்றும் ஒரே இடத்தில் கூடி நின்ற நிகழ்வைப் பார்க்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பத்து காஜாவிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் பாப்பான் போதும். (பத்து என்றால் மலாயில் கல், காஜா நம் ‘கஜம்’. ஊரின் பொருள் யானைக்கல். தமிழ்க் காதுக்குத்தான் அது எண்ணிக்கைபோல் கேட்கிறது.)

முதலில் காவுதல். நெப்போலியனின் அறுவை மருத்துவர் தொமினிக் லாரே 1790-களில் ஒரு வழக்கத்தை மாற்றினார். அதுவரை சண்டை ஓய்ந்த பிறகுதான் காயப்பட்டோரைப் பொறுக்கி எடுப்பார்கள். லாரே இலகுவான குதிரை வண்டிகளைச் சண்டை நடக்கும்போதே களத்துக்குள் அனுப்பினார். ‘பறக்கும் வண்டி’ என்று அவற்றுக்குப் பெயர். பதவியையும் நாட்டையும் பாராமல், புண்ணின் கடுமையை மட்டும் பார்த்து முறை வகுத்தவரும் அவரே. அந்த வகுத்தலைப் பிரெஞ்சில் ‘ட்ரியாஜ்’ என்பர்; தரம் பிரித்தல் என்பது அதன் நேர்பொருள். புகைக்கூடத்து ரப்பர் ஷீட்டைத் தரம் பிரித்த கைகளுக்கு அந்தச் சொல் விளங்கும். மனிதரைத் தரம் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதும் அவர்களுக்கு விளங்கும் என்றே நினைக்கிறேன்.

அன்று முதல் முன்னேற்றம் என்றாலே வேகம் என்றாயிற்று. குதிரை வண்டி மோட்டார் வண்டியாயிற்று. கொரியாவிலும் வியட்நாமிலும் ஹெலிகாப்டராயிற்று. 2009-இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் ராபர்ட் கேட்ஸ், ஆப்கானிஸ்தானில் காயம்பட்ட வீரர் அறுபது நிமிடத்துக்குள் அறுவை மருத்துவரிடம் சேர்க்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். கொண்டுசேர்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு தொண்ணூறு நிமிடத்திலிருந்து நாற்பத்து மூன்றாகக் குறைந்தது, இறப்பும் குறைந்தது. காவுதலின் உச்சம் அது.

ஆனால் அந்த உச்சத்திலேயே ஒரு பள்ளம் தெரிந்தது. 2001 முதல் 2011 வரை போர்க்களத்தில் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களின் பதிவுகளை ஒரு மருத்துவக் குழு ஆராய்ந்தது. அவர்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் மருத்துவமனையை எட்டுமுன்பே இறந்திருந்தனர். அப்படி இறந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பிருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் குருதி இழப்பால் போனவர்கள். எவ்வளவு விரைந்து காவினாலும், காவ வருமுன் பக்கத்தில் இருந்த கை என்ன செய்தது என்பதே பலருடைய உயிரைத் தீர்மானித்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த அறுபது நிமிடத்துக்குச் சொல்லப்படாத ஒரு நிபந்தனை இருந்தது: வானம் நம்முடையதாக இருக்க வேண்டும். ஆப்கானிஸ்தானில் எதிரியிடம் போர் விமானம் இல்லை. சம வலிமையுள்ள இரு பெரும் படைகள் மோதினால் வானம் யாருக்கும் உரியதாக இராது. 2022 முதல் உக்ரைன் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறது. போர்முனையை ஒட்டிய நிலப்பரப்பில் அசைவது எதுவாயினும் டிரோனின் கண்ணில் படுகிறது. சுமைதூக்கிகள் இருளுக்கும் மூடுபனிக்கும் காத்திருக்கிறார்கள். காயம்பட்டவர் பல மணிநேரம், சில வேளைகளில் பல நாள், பதுங்குகுழியிலேயே கிடக்கிறார். ஆளில்லாத சிறு சக்கர வண்டிகள் வீரர்களை இழுத்து வருகின்றன. லாரேயின் வண்டி திரும்பி வந்துவிட்டது. குதிரை மட்டும் இல்லை.

இவ்விடத்தில்தான் இரண்டாம் சொல்லுக்குள் நுழைகிறோம். காத்திருத்தல் என்றால் சும்மா இருத்தல் என்று எண்ணிவிடக் கூடாது. குருதியை நிறுத்தக் கையிலோ காலிலோ இறுக்கும் பட்டையை டூர்னிக்கெட் என்கிறோம். ஒரு மணிநேரத்தில் மருத்துவமனை சேர்ந்தால் அது உயிர்காப்பான். அப்படியே ஆறு மணிநேரத்துக்கு மேல் கிடந்தால் அதுவே அந்த உறுப்பைக் கொல்லும். தசை அழுகும், பட்டையைத் தளர்த்தினால் நச்சு உடலெங்கும் பாயும். ஆகவே விரைவுக்காகப் பயின்ற கை இப்போது வேறொன்றைப் பயில வேண்டும்: முதலிரண்டு மணிநேரத்துக்குள் பட்டை உண்மையில் தேவைதானா என்று பார்த்து, முடிந்தால் புண்ணுக்குள் துணியடைத்து அழுத்தி, பட்டையைத் தளர்த்தும் பொறுமை. வலியைத் தணித்தல், சிறுநீரின் அளவைக் குறித்தல், உடலைப் புரட்டிப் படுக்கவைத்தல், குளிர் படாமல் போர்த்துதல், தண்ணீர் கொடுப்பதா கூடாதா என்று முடிவெடுத்தல் எல்லாம் அதே கைக்கு வந்து சேர்கின்றன. இவை ராணுவ மருத்துவரின் வேலைகளா, தாதியின் வேலைகளா? தாதியின் வேலைகள்தாம். நீண்ட நேரப் பராமரிப்பு என்று இன்று பெருமையாகப் பாடத்திட்டம் வகுப்பது, பெரும்பகுதி, செவிலியத்தின் மறுபெயர்.

அதனால்தான் பாப்பான். சிபில் கார்த்திகேசு 1899-இல் மேடானில் பிறந்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயின்றவர். கன்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியவர். அவருடைய கணவர் மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசு. ஈப்போ புரூஸ்டர் சாலையில், இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில், இருவரும் 1926 முதல் மருந்தகம் நடத்தினர். 1941 டிசம்பர் இறுதியில் ஜப்பானியப் படை ஈப்போவைப் பிடித்தது. அடுத்த சில நாள்களிலேயே கம்பார் மேட்டில் பெரும் சண்டை மூண்டது. அதற்குள் அக்குடும்பம் ஈப்போவை விட்டுப் பாப்பானுக்கு வந்துவிட்டது. ஈயமும் மரமும் வளர்த்த சிற்றூர் அது. பெயரின் பொருளே பலகை. 74-ஆம் எண் கடைவீட்டில் அவர்கள் மருத்துவம் தொடர்ந்தது.

பகலில் ஊரார் வந்தார்கள்; இரவில் காட்டிலிருந்து வேறு சிலர் வந்தார்கள். மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படையினர் அவர்கள். அவர்களுக்கு ஹெலிகாப்டர் இல்லை, பின்தள மருத்துவமனை இல்லை, பென்சிலின் இந்நாட்டுக்கு வந்து சேரவில்லை. தோட்டா உடலுக்குள் இருந்தது, பின்கதவு திறந்தது. அவர்களைப் பொறுத்தவரை காவுதல் என்பது மலையிலிருந்து அந்தக் கதவு வரைதான். அதற்கு அப்பால் எங்கும் கொண்டுபோக இடமில்லை. உக்ரைனின் நிலவறை மருத்துவ முனைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவு நினைவுக்கு வருகிறது. மருத்துவமனையை ஆளிடம் கொண்டுவர முடியாது, ஆளையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாது என்னும் நிலையில், ஓர் ஊருக்குள் ஏற்கெனவே இருக்கும் பயிற்சி பெற்ற கைகளே மருத்துவமனை ஆகின்றன. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. மருத்துவர் எப்போதாவது வந்துபோவார். அன்றாடம் ஆஸ்பத்திரியை நடத்தியவர் டிரசர்தான்.

‘காயம்’ என்ற சொல்லையும் இங்கே சற்று நின்று பார்க்கலாம். அது புண்ணுக்கும் பெயர், உடம்புக்கும் பெயர், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காரமருந்துக்கும் பெயர். வேர்கள் வேறுவேறாக இருக்கலாம். ஆனால் பேறு பார்த்த ஒரு கை குண்டுக்காயம் பார்க்க நேர்ந்த அந்த வீட்டில் மூன்று பொருளும் ஒரே மேசைமேல் இருந்தன. இதற்கு இன்னொரு சொல்லும் சாட்சி. பெருந்திரளாகக் காயம்பட்டோர் வரும்போது, பிழைக்க வாய்ப்பில்லை என்று தள்ளிவைக்கப்படும் வகையினரை ஆங்கில ராணுவ மருத்துவம் ‘எக்ஸ்பெக்டன்ட்’ என்கிறது. எதிர்பார்த்திருப்பவர் என்று பொருள். கருவுற்ற பெண்ணைக் குறிப்பதற்கும் அம்மொழியில் அதே சொல்தான். சிறு போர்களில் அந்த வகை பெரும்பாலும் காலியாகவே இருந்தது. பெரும்போரில் அது நிரம்பும். அவர்கள் அருகே யார் உட்காருவது என்பதற்கு எந்த இயந்திரத்திடமும் விடை இல்லை.

அளவு பெரிதாகும்போது என்ன நேரும் என்பதற்கு நம் மக்களிடமே ஒரு சான்று உண்டு. அது சயாம் மரண ரயில். ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட, 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல் அங்கே உழைத்தனர். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் தொகை அதைப்போல் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் அதில் ஒரு கணிசமான பகுதி. ஆசியத் தொழிலாளர்களின் இறப்புக்குச் சொல்லப்படும் மதிப்பீடுகள் தொண்ணூறாயிரத்தையும் தாண்டுகின்றன. பட்டினியும் மழையும் காலராவும் இரு சாராருக்கும் பொதுவாயிருந்தன. பின் ஏன் இந்த வேறுபாடு?

கைதிகளோடு அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்து இல்லை, ஒழுங்கு இருந்தது. கொதிக்கவைக்காத நீரைத் தொடாதே என்னும் கட்டளை இருந்தது; கழிவுக்குழி தோண்டும் முறை இருந்தது; நோயாளியைப் பிரித்துவைக்கும் இடம் இருந்தது. உப்புநீரைக் காய்ச்சி, மூங்கிலைச் சீவி ஊசியாக்கி, மருத்துவரின் காதுக்குழாயிலிருந்து வெட்டிய ரப்பர் குழாய் வழியே நாளத்தில் ஏற்றினார்கள். ஆஸ்திரேலியரான ஆல்பர்ட் கோட்ஸ், அழுகிய கால்களை நூற்றுக்கு மேல் வெட்டி எடுத்து உயிர்களை மீட்டார். கனடா நாட்டவரான ஜேக்கப் மார்கோவிட்ஸ், எடுத்த குருதியைக் கலக்கிக் கலக்கி உறைநாரை நீக்கி, உறையாத குருதியாக மற்றவருக்கு ஏற்றினார். குளிர்ப்பெட்டி இல்லாத இடத்தில் உயிருள்ள மனிதனே குருதி வங்கி. இன்றைய படைகள், உடன் நிற்கும் வீரரிடமிருந்தே முழுக்குருதி எடுத்து ஏற்றும் முறைக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன, புதுமை என்கிறார்கள்.

தமிழ்த் தொழிலாளியின் கொட்டகையில் இவற்றில் எதுவும் இல்லை. அவனை எந்தப் படையும் தன் கணக்கில் எழுதவில்லை. 1943-இன் நடுவில்தான் சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதி மருத்துவப் பணியாளர்கள் ‘கே’, ‘எல்’ என்னும் இரு குழுக்களாக அவர்களுக்கென அனுப்பப்பட்டனர். அதற்குள் காலரா பரவியிருந்தது. முன்னே சொன்ன ஒலியொற்றுமை இங்கேதான் குத்துகிறது. கொண்டுபோய்ச் சேர்க்கும் காவு இல்லாத இடத்தில் மற்றக் காவு நடந்தது. வருங்காலப் போருக்கான மருத்துவத் திட்டங்களைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: சீருடை அணியாதவன் எந்தப் பத்தியில் வருகிறான்? பெரும்பாலும் பின்னிணைப்பில்.

இனி மூன்றாம் சொல். புறநானூற்றில் 281-ஆம் பாட்டு, அரிசில் கிழார் பாடியது, காஞ்சித்திணையைச் சேர்ந்தது. காயம்பட்ட வீரன் வீட்டில் கிடக்கிறான். மனைவி தோழியை அழைக்கிறாள். வீட்டுக் கூரையில் இரவந்தழையும் வேப்பிலையும் செருகி, வெண்சிறுகடுகு தூவி, யாழிசைத்து, மணியடித்து, நறும்புகை எழுப்புவோம் வா என்கிறாள். அப்பாடலின் முதன்மை வினை நம் ‘கா’ தான். அதைவிட வியப்பு அவ்வினையின் செயப்படுபொருள்: காக்கச் சொல்வது கணவனை என்றில்லை, அவனுடைய புண்ணை. பேய் தீண்டாமல் புண்ணைக் காத்தல். பேயைக் கிருமி என்று பெயர்த்துவிட வேண்டும் என்பதில்லை. அப்படிப் பெயர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் புண் என்பது ஒருமுறை தைத்து முடிக்கும் பொருளன்று, இரவு முழுதும் விழித்துக் காவல் இருக்க வேண்டிய ஒன்று என்னும் அறிவு அந்தப் பாட்டில் தெளிவாக இருக்கிறது. தையலும் சங்கத்தார் அறிந்ததே: பதிற்றுப்பத்தில் பரணர், நீரில் மூழ்கி எழும் மீன்கொத்தியைப் புண் தைக்கும் வெள்ளூசிக்கு உவமை ஆக்குகிறார். இன்று உக்ரைன் மருத்துவமனைகளில் எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத கிருமிகள் புண்களில் குடியேறியிருக்கின்றன. ஊசி தன் வேலையை முடித்த பிறகும் காவல் முடிவதில்லை.

புண்ணைக் காப்பவரை யார் காப்பது? அரணுக்குள் போய்விடுங்கள் என்று போருக்கு முன் அறிவிக்கப்படுவோர் வரிசையில் பிணியாளரையும் வைத்தது நெட்டிமையாரின் புறப்பாட்டு. காப்பவரைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஐரோப்பாவில் 1864-இன் முதல் ஜெனீவா உடன்படிக்கை அதைப் பேசத் தொடங்கியது. ஆயினும் 1943-இல் ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாய் படையினர் பாப்பான் வீட்டாரைப் பிடித்துச் சென்றபோது, சாட்டிய குற்றங்களில் ஒன்று காட்டுப்படையினருக்கு மருத்துவ உதவி செய்தது. மறைத்து வைத்த வானொலியும் உளவும் மற்றவை. சிபிலை அடித்தார்கள், தண்ணீரால் வதைத்தார்கள், முதுகெலும்பு சிதைந்தது, கண்முன்னே இளைய மகளை நெருப்பின் மேல் தொங்கவிட்டு மிரட்டினார்கள். தன்னிடம் புண்ணாற்ற வந்தவர்களின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆயுள் தண்டனை, பத்து காஜா சிறை.

காப்பு என்பது தமிழில் காவலுக்கும் பெயர், கைவளையலுக்கும் பெயர், பேச்சுவழக்கில் கைவிலங்குக்கும் பெயர். காப்பளித்த கைக்குக் காப்பு மாட்டப்பட்டது.

இது ஜப்பானியர் காலத்துக் கொடுமை என்று ஒதுக்க முடியாது. 2009-இல் வன்னியில், நகர்ந்துகொண்டே இருந்த போர்முனைக்குள், இலங்கை அரசின் ஊழியர்களான வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா முதலிய மருத்துவர்கள் பள்ளிக் கட்டடங்களிலும் தறப்பாள் கொட்டகைகளிலும் அறுவை செய்தார்கள். மருத்துவமனை புதுக்குடியிருப்பிலிருந்து புதுமாத்தளனுக்கும் அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கும் இடம்பெயர்ந்தது, எறிகணைகளும் பின்தொடர்ந்தன. மயக்க மருந்தும் குருதியும் அருகின. கடல்வழியே செஞ்சிலுவைக் கப்பல் வந்தபோது சிலரைக் காவிச் சென்றது, மற்றவர்கள் காத்திருந்தார்கள். போர் முடிந்ததும் மருத்துவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். நீண்ட நேரப் பராமரிப்புக்குப் பாடம் தேடும் படைத்துறைக் கல்லூரிகள் வன்னியைத் தங்கள் எடுத்துக்காட்டுகளில் சேர்த்ததாக நான் கண்டதில்லை.

கருவிகள் வரும். தாமே தரம் பிரிக்கும் நிரல்களும் உறைகுளிரில் உலர்த்திய குருதிநீரும் டிரோனில் வந்திறங்கும் மருந்துப்பொட்டலமும் வரும்; வரவேற்கலாம். ஆனால் பதுங்குகுழியில் பன்னிரண்டாவது மணிநேரத்தில் பட்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டியது ஒரு மனிதக் கை. அந்தக் கை, எதிர்த்தரப்பான் புண்ணைத் தொட்டதற்காக வெட்டப்படாது என்னும் உறுதி இல்லாவிட்டால், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தும் கதவு திறக்காது. முதலிரண்டு சொற்களுக்கும் மூன்றாவதே அடித்தளம் என்பது என் துணிபு. கட்டுவோர் பெரும்பாலும் மேல்தளத்திலிருந்தே தொடங்குகிறார்கள்.

1945-இல் போர் முடிந்து பத்து காஜா சிறைக் கதவு திறந்தபோது சிபில் கார்த்திகேசுவால் நடக்க இயலவில்லை. அவரை விமானத்தில் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார்கள். இரண்டாண்டுக் காத்திருப்புக்குப் பின் வந்த காவு அது. அங்கே சிகிச்சைக்கிடையில் தன் வரலாற்றை எழுதினார். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூனில் இறந்தார். ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்த உடலை 1949-இல் மீண்டும் எடுத்து ஈப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் நாள் ஜெனீவாவில் புதிய உடன்படிக்கைகள் கையொப்பமாயின. முதலாம் உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவு, காயப்பட்டோரையும் நோயுற்றோரையும் பேணியதற்காக எவரையும் எக்காலத்தும் துன்புறுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்கிறது. மலாயா 1962-இல் அவ்வுடன்படிக்கைகளில் இணைந்தது.